லாரிகள் கைவிட்ட சாலைகள்: சைக்கிள் பயணம், வாசகர் கேள்விகள்

கேள்வி: மூட்டை கட்டிக்கொண்டு வெப்பமண்டல மலைப் பகுதி ஒன்றில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்ற ஆசை. ஆனால் பஸ்சுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட விருப்பமில்லை. வண்டி வராத வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சைக்கிளுக்கென்றே தடம் போட்டுப் பலகை நட்டு வைத்திருக்கும் மலைகள் வெப்பமண்டலத்தில் அபூர்வம். அங்கே நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் வண்டிகள் கைவிட்டுப்போன வழிகள்தான். அதனால் வரைபடத்தை விரித்ததும் நான் சைக்கிள் பாதையைத் தேடுவதில்லை. புதிதாக எங்காவது மலையைக் குடைந்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். சுரங்கம் திறந்த மறுநாளே மேலே சுற்றிப்போகும் பழைய கணவாய்ச் சாலைக்கு மவுசு போய்விடும். வியட்நாமில் ஹுவேக்கும் டானாங்குக்கும் நடுவே உள்ள ஹாய் வான் கணவாய் அப்படித்தான் ஆனது. 2005ல் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் திறந்தது. சரக்கு லாரிகளும் பஸ்களும் அதற்குள் போய்விட்டன. கடலை ஒட்டிச் சுமார் 500 மீட்டர் உயரம் ஏறும் பழைய சாலை மேலே மிச்சமிருக்கிறது. காலியாகக் கிடக்கும் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். சுரங்கத்துக்குள் அனுமதியில்லாத மோட்டார் சைக்கிள்களும் பெட்ரோல் டேங்கர்களும் இன்னும் மேலேதான் வருகின்றன. டேங்கரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஏற்றத்தில் முக்கி முனகிக்கொண்டு வரும், இரண்டு வளைவு தள்ளி வரும்போதே சத்தம் கேட்கும். வளைவில் சாய்ந்து படம் பிடித்துக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.

தண்டவாளம் எடுத்த பழைய ரயில் தடம் கிடைத்தால் விடவே விடாதீர்கள். இரும்பின்மேல் இரும்பு வழுக்கும் என்பதால், பல்சக்கரம் கடித்து ஏறுகிற பல் தண்டவாளம் இல்லாத பாதையை 100 மீட்டருக்கு 2, 3 மீட்டருக்கு மேல் ஏறாதபடியே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதே மலையில் சாலை 8, 10 மீட்டர் ஏறும். வளைந்து வளைந்து போவதால் தூரம் கூடும்; முழங்கால் வாழ்த்தும். தைவானின் வடகிழக்குக் கரையில், வெப்பமண்டலத்தின் வட எல்லையான கடகக் கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, 1924ல் கட்டி முடித்த பழைய சாவ்லிங் ரயில் சுரங்கத்தில் இன்று சைக்கிள் ஓடுகிறது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் கைவிட்ட சுரங்கத்துக்குள் நுழைவதானால் நல்ல விளக்கு கையில் வேண்டும். தரையில் நீர் ஊறி நிற்கும், வௌவால் எச்சமும் சேர்ந்தால் சேறுதான்.

நீர்மின் நிலையத்துக்கோ பாசனத்துக்கோ மலை இடுப்பைச் சுற்றி வெட்டிய வாய்க்கால் இருந்தால், அதன் கரையில் பராமரிப்புக்கென்று ஒரு தடம் இருக்கும். நீர் ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவே போதும் என்பதால், மலை நடுவே சமதரையில் ஓட்டுவது போலவே இருக்கும். அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். பூட்டிய கேட்டைத் தாண்டி சைக்கிளைத் தூக்கிப் போடுகிற வேலை வேண்டாம்.

நேரில் போனபின் ஒரு சோதனை உண்டு. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். லாரி ஏறும் சாலையானால் அந்த இடத்தில் தார் நெளிந்து அலையலையாக இருக்கும். டீசல் சிந்திய கறுப்புத் திட்டுகள் தெரியும். வண்டி வராத சாலையில் அதே இடத்தில் சருகு ஒதுங்கியிருக்கும், பாசி படர்ந்திருக்கும். பாசி நமக்கு நல்ல சேதிதான். அதன்மேல் போகும்போது பிரேக்கை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சமவெளியில் ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுவேன். மலையில் 60 என்று திட்டம் போட்டிருக்கிறேன், சரிதானே?

பதில்: கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். மலையில் கணக்கு ஏறும் உயரம்தான். மூட்டையோடு போகிற சாதாரண ஆள் ஒரு மணி நேரத்தில் 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறலாம். உங்கள் 60 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் 1,600 மீட்டர் என்றால், ஏறுவதற்கு மட்டுமே நான்கைந்து மணி நேரம் போய்விடும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் சாலையில் தொடக்க ஊரும் முடிவூரும் ஒரே உயரத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. எல்லா ஏற்றத்தையும் தனித்தனியே கூட்டுங்கள். இன்னொன்று, நிலநடுக்கோட்டுப் பக்கம் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம்தான். சூரியன் இறங்கினால் அரை மணிக்குள் கும்மிருட்டு. நீண்ட கோடை மாலை காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது ரோடு பைக். முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28. போதுமா?

பதில்: போதாது. இதில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் இரண்டரை மீட்டர் நகரும். செங்குத்தில் உங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் இருக்கும். அப்போது நிமிடத்துக்கு 40 சுற்றுகூட வராது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் பிதுங்கும். முன்னால் 26, பின்னால் 34 என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர்தான். அதே வேகத்தில் 60 சுற்றுக்கு மேல் வரும், மூச்சு வாங்கினாலும் மூட்டு பிழைக்கும். சைக்கிள் கடையில் மெக்கானிக் சிரிப்பார், சிரித்துக்கொள்ளட்டும். கையோடு டயரையும் மாற்றிவிடுங்கள். ஆளில்லாத சாலை என்றாலே பெயர்ந்த ஜல்லி. 40 மில்லிமீட்டராவது அகலம் வேண்டும். உங்கள் சட்டகத்தில் அது நுழையாது என்றால் சைக்கிளையே மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து, உள்ளே டியூப் வெடிக்கும். முன்சக்கரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேரான இடத்தில் விட்டு ஓடவிடுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விடுங்கள். நடுநடுவே நிறுத்தி ஆற வையுங்கள். ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். டிஸ்க் பிரேக்கும் சூடாகும், டியூபுக்குத்தான் ஆபத்தில்லை.

கேள்வி: மழைக்காலத்தில் போகலாமா?

பதில்: விடியும்போதே கிளம்புகிறவர் என்றால் போகலாம். மலையில் காலை தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற ஈரக்காற்று மேலெழும்பி, மதியத்துக்குமேல் முகில் கூடி, இரண்டு மணிக்குப் பிறகு கொட்டும். ஆறு மணிக்குச் சாலையில் இருந்தால் பாதி ஏற்றம் ஈரமில்லாமல் முடிந்துவிடும். நாள் முழுக்கச் சிணுங்கும் பருவம் வேறு, அப்போது வீட்டில் இருங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த பனியனோடு உச்சியிலிருந்து இறங்கினால் வெப்பமண்டலத்திலும் பல் தந்தியடிக்கும். காற்றுப் புகாத மெல்லிய சட்டை ஒன்றைப் பையின் அடியில் அல்ல, மேலே வையுங்கள்.

கேள்வி: மண்சரிவால் வண்டிகளுக்கு மூடிய சாலையில் சைக்கிள் மட்டும் போகலாம்தானே?

பதில்: கூடாது. சரிவுக்கு லாரி, சைக்கிள் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: பத்து வயது மகளோடு போக வேண்டும். இதெல்லாம் ஆகுமா?

பதில்: கணவாயை விடுங்கள். ரயில் தடம், வாய்க்கால் கரை இரண்டும் சரி. இன்னொரு வழி, வண்டிகளே இல்லாத நேரத்தைப் பிடிப்பது. கொலம்பியாவின் பொகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள மலை நகரம். 1974ல் தொடங்கி வளர்ந்த வழக்கப்படி அங்கே ஞாயிறும் விடுமுறையும் காலை 7 முதல் மதியம் 2 வரை 100 கிலோமீட்டருக்கும் மேலான முக்கியச் சாலைகளில் மோட்டார் வண்டி கிடையாது. சிறுவர், முதியவர், நாய்க்குட்டி சகிதம் ஊரே இறங்கிவிடும். ஆனால் அந்த உயரத்தில் முதல் இரண்டு நாள் பிள்ளைக்கு மூச்சு முட்டும். இறங்கிய மறுநாளே சைக்கிளில் ஏற்றாதீர்கள்.