வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கு அருகே மனை வாங்கலாமா?

மதுரை அவனியாபுரத்தை அடுத்து ஒரு மனை பார்த்திருக்கிறீர்கள். வெள்ளைக்கல் கிடங்கின் நாற்றம் அங்கே வரவில்லை, அதனால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்றம் காற்றோடு வந்து காற்றோடு போகும். என் கவலையெல்லாம் தண்ணீரைப் பற்றியது. குப்பை மேட்டில் இறங்கும் மழைநீர் அழுகலில் ஊறிக் கறுத்த கசிவுநீராக அடியில் வெளியேறுகிறது. அதில் அம்மோனியா, குளோரைடு, கரிமக் கழிவுகள், சில இடங்களில் கன உலோகங்களும் இருக்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், புதிதாக அமைக்கும் நிலநிரப்புக் கிடங்குக்கு அடியில் 90 செ.மீ. களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பாலித்தீன் விரிப்பும் வேண்டும் என்றன. திறந்தவெளியில் கொட்டிக் குவித்த பழைய மேடுகளுக்கு அடியில் பெரும்பாலும் வெறும் மண்தான்.

அதே விதிகள் கிடங்கிலிருந்து குடியிருப்பும் குடிநீர்க் கிணறும் 200 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்றன. மனை விற்பவர்கள் அந்த எண்ணைச் சொல்லித் தைரியம் கொடுப்பார்கள். நம் ஊருக்கு அது போதாது. மதுரைக்கு அடியில் கிடப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறை. நிலத்தடி நீர் அதன் வெடிப்புகள் வழியேதான் ஓடுகிறது. வெடிப்பு போகும் திசையைப் பொறுத்து, பக்கத்துப் போர்வெல் தப்பித்துத் தூரத்துப் போர்வெல் கெடவும் கூடும். மேலே கண்மாய்களும் ஒன்றின் மறுகால் அடுத்ததற்குப் பாயும்படி வெட்டப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டிலிருந்து வழியும் நீர் எந்த ஓடையில் சேர்கிறது என்று நேரில் நடந்து பாருங்கள். வரைபடத்தைவிட அது தெளிவாகச் சொல்லும்.

பிறகு போர்வெல் தண்ணீரைச் சோதியுங்கள், கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு பயணிப்பதால் கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் அதன் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 45. ஆனால் இயற்கையான உவர்ப்பும் வீட்டுச் சாக்கடையும்கூட குளோரைடைக் கூட்டும். ஆகவே கிடங்கைவிட உயரமான நிலத்தில், அதன் கசிவு இறங்காத பக்கமுள்ள ஒரு கிணற்று நீரையும் சேர்த்துச் சோதித்து ஒப்பிடுங்கள். ஒப்பீடு இல்லாத ஒற்றை அறிக்கையை வைத்து யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது.

கிடங்கு தீப்பிடிப்பதைப் பற்றியும் கேட்டு விசாரியுங்கள். அழுகும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். கோடையில் மேடு பற்றினால் உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ சிறு குழந்தைகளோ இருந்தால் எனக்கு இது தனிக் கவலை.

பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுகிறார்களே, அதன்பின் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வேலை மிகவும் தேவையானது, வரவேற்கிறேன். ஆனாலும் மேடு போனபின் அடியில் இறங்கிய கசிவு பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடும்.

மாநகராட்சிக் குடிநீர்க் குழாய் உங்கள் தெரு வரை வந்திருந்து, இரு பருவச் சோதனையும் சரியாக இருந்தால் வாங்குங்கள். போர்வெல்லை மட்டும் நம்பிய மனை என்றால் நான் வாங்கமாட்டேன்.