58 பிள்ளைகள், 3 ஆசிரியர்கள்: ஆகஸ்டுக்குப் பிறகு?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போன வருடம் 63 பிள்ளைகள், தலைமை ஆசிரியரோடு 3 ஆசிரியர்கள். இந்த ஜூனில் 58 பேர்தான். ஓர் ஆசிரியரை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். தடுக்க வழி உண்டா?
- பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்

பதில்: எடுக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்தே பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். உங்களுக்குக் குறைவது மூன்றே பேர். மனு எழுதும் நேரத்தில் அந்த மூவரைத் தேடலாம்.

முதலில் எமிஸை, அதாவது கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேட்டைப் பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பழைய பள்ளி எமிஸிலிருந்து விடுவிக்காவிட்டால், அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் கணக்கு. தலைமை ஆசிரியர் கோரிக்கை அனுப்பியும் அசையவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், ஜூலைக்குள். கட்டண பாக்கிக்காகத் தனியார் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறதா? சான்றிதழ் இல்லாததைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ சட்டத்தில் இடமில்லை.

அடுத்தது அங்கன்வாடிப் பதிவேடு. ஜூலை 31-க்குள் 5 வயது முடியும் பிள்ளைகள் பெயரைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். ஆனால் ஓட்டை அதற்கும் முன்பே விழுந்துவிடுகிறது: மூன்றரை வயதில் எல்கேஜி வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவது அபூர்வம். அடுத்த வருடம் மூன்று வயதுக்காரர்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

பேருக்கு மட்டும் சேர்த்து எண்ணிக்கையை ஏற்ற வேண்டாம். காலை உணவுக் கணக்கும் சத்துணவுக் கணக்குமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆசிரியர் போய்விட்டால், தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளெல்லாம் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். பெற்றோர் வேனைத் தேடுவது அப்போதுதான். வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் (தற்காலிகமாக) ஒருவரைக் கேட்டுக் குழுவில் தீர்மானம் போட்டு, நகலைக் கிராம சபையிலும் வையுங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளை 'மொட்டு' என்கிறார்கள். பின்தங்கியிருக்கிறாளா?
- ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்: ஆமாம், ஒரு வகுப்பு. தொடக்க வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு முதல் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு, மலர் மூன்றாம் வகுப்பு. பதற வேண்டாம், எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள். மனப்பாடமான பாடத்தை விட்டுவிட்டு, வேறொரு பக்கத்தின் நடு வரியில் விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'கெ', 'கே' குழம்புகிறதா? கொம்பெழுத்துகளை மட்டும் தனியே எழுதப் பழக்குங்கள். 52-இல் 17 போனால் 45 என்கிறாளா? 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ஐந்து கட்டு கட்டி, இரண்டை உதிரியாகக் கொடுங்கள். ஏழு எடுக்க ஒரு கட்டை அவளே அவிழ்க்கட்டும்.