நுண்கடன் குழுவில் சேர்ந்த பெண்கள் ஏன் விலகிவிடுகிறார்கள்?

வட்டி கூடியதால் என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பொய்யில்லை. ஆனால் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நான்கு ஆண்டுகள் கடன் குழுத் தலைவியாக இருந்தவள் நான். எனக்குத் தெரிந்து விலகியவர்களில் பலர் அயல் உறவைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் விலகினார்கள்.

ஐந்து பெண்கள் ஒரு குழு; ஒருவருக்கு மற்ற நால்வரும் பிணை. வங்காளதேசத்தில் 1970களில் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமின் முறையிலிருந்து பரவியது இது. ஈடு வைக்க எதுவும் இல்லாதவருக்கும் கடன் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய எங்களிடம் ஈடு வைக்க என்ன இருந்தது? பலருக்குக் காணி உறுதிகூட இல்லை. அந்தக் கடனில்தான் எனக்குத் தையல் இயந்திரம் வந்தது. அதை நான் மறக்கவில்லை.

சிக்கல் நாட்காட்டியில் இருந்தது. நெல்லை நம்பிய குடும்பத்துக்குத் தை, மாசியில் காலபோக அறுவடையின்போது காசு வரும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்தால் ஆவணியில் சிறுபோகக் காசும் வரும். தவணையோ ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். 50,000 ரூபாய்க்கு 24 சதவீத ஆண்டு வட்டியை முன்கூட்டியே சேர்த்து 52 கிழமைகளுக்குப் பிரித்தால், கிழமைக்கு 1,192 ரூபாய் கட்ட வேண்டும். கட்டக் கட்டக் கடன் முதல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி குறையாது. அதனால் உண்மையான வட்டி வீதம் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

2017 வறட்சியில் எங்கள் குழுவில் இருந்த ஓர் அக்காவால் மூன்று கிழமை கட்ட முடியவில்லை. ஐந்தாவது பங்கும் வந்து சேரும்வரை, தவணை வாங்க வரும் கடன் நிறுவன உத்தியோகத்தர் கூட்டம் நடக்கும் முன்பள்ளிக் கொட்டிலை விட்டு எழும்ப மாட்டார். நாங்கள் நால்வரும் பங்கு போட்டுக் கட்டினோம். நான்காவது கிழமை நானே அவருடைய படலையில் போய் நின்றேன். “தோட்டை அடகு வைத்துத் தருகிறேன் தங்கச்சி, பிள்ளைகளுக்கு முன்னால் கேட்காதே” என்றார். முள்ளிவாய்க்காலில் என் மகனுக்குத் தன் கஞ்சியில் பாதியை ஊற்றிக் கொடுத்தவர் அவர். கடைசியில் அந்தத் தோட்டை விற்றே கடனை முடித்துக்கொண்டு போனார். ‘சுயவிருப்பில் விலகினார்’ என்று பதிவேட்டில் எழுதினார்கள். கீழே கையொப்பமிட்டவள் நான்.

ஒரு நிறுவனத்தில் எடுத்து மற்றதற்குக் கட்டி, மூன்று நான்கு கடன் அட்டைகளோடு அலைந்து, கடைசியில் உறவினர் ஊருக்கே போய்விட்டவர்களும் உண்டு. கடை நன்றாக நடந்து, இனிக் கிழமைக் கடன் தேவையில்லை என்று போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மிகச் சிலர்.

2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய் வரை கடன் பெற்று மூன்று மாதங்களுக்கு மேல் கட்டாதிருந்த பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. வன்னி மாவட்டங்களும் அதில் இருந்தன. தேவையான உதவிதான். ஆனால் நகையை விற்றுக் கட்டி முடித்தவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. அதன் பிறகு எங்கள் ஊரில் குழுவுக்கு ஆள் சேர்ப்பது கடினமாகிவிட்டது. அடுத்த ஆண்டு நானும் விலகினேன். இப்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதியில் எடுக்கிறோம். தொகை சிறியதுதான், ஆனால் நெல் விற்ற பிறகு கட்டலாம்.

ஆய்வுக்காக இதைக் கேட்கிறீர்கள் என்றால், விலகிய பெண்களைக் குழுக் கூட்டத்தில் வைத்து விசாரிக்காதீர்கள். வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேளுங்கள். தானாக விலகினாரா, மற்ற நால்வரும் விலகச் சொன்னார்களா என்று முதலில் கேளுங்கள்.