நிதி கேட்கும் முன் உங்கள் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய தன்னார்வ அமைப்பு. மூன்று ஆண்டுகளாக இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்திவருகிறோம். இப்போது ஓர் அறக்கட்டளை சமுதாய நலத் திட்டங்களுக்கு நிதியுதவி அறிவித்திருக்கிறது. முன்பு வேறு இரண்டு அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பித்தோம். இரண்டிலிருந்தும் 'தங்கள் பணியைப் பாராட்டுகிறோம், இம்முறை இயலவில்லை' என்று ஒருவரிப் பதில்தான் வந்தது. எங்கே தவறு செய்கிறோம்? எவ்வளவு தொகை கேட்கலாம்? விண்ணப்பம் எழுதித் தரும் ஆலோசகர் ஒருவர், நிதி கிடைத்தால் அதில் ஒரு பங்கு தரவேண்டும் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய பழைய விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தேன். முதல் இரண்டு பக்கங்கள் அமைப்பு பிறந்த கதை. மூன்றாம் பக்கம் ரத்த அழுத்தத்தின் தீமைகள். நான்காம் பக்கத்தில்தான் 'ஓராண்டில் 24 முகாம்கள் நடத்தி 2,000 பேரைப் பரிசோதிப்போம்' என்ற வரி வருகிறது. விண்ணப்பமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. பரிசோதனையில் அழுத்தம் கூடுதலாக இருந்தவர் மறுநாள் எங்கே போனார், மருந்து தொடங்கினாரா, ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்? இதற்கு ஒரு சொல்கூட இல்லை. விண்ணப்பங்களை மதிப்பிடும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படித்தவர் உங்கள் தாளைக் கீழே வைத்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் இணைந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு 2019-இல் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. உங்கள் முகாமுக்கான நியாயம் அதில் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. நோய் உள்ள பெண்களில் 23 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 18 சதவீதத்தினருக்கும் மட்டுமே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. கண்டுபிடிப்பதற்கும் கட்டுக்குள் கொண்டுவருவதற்கும் நடுவே பெரும்பாலானோர் நழுவிவிடுகிறார்கள். சமுதாய நலத்துக்கு நிதி தரும் அறக்கட்டளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் தேடுவது அந்த இடைவெளியில் நின்று வேலை செய்யும் ஆளை.

ஆகவே, எழுதத் தொடங்கும் முன் மூன்று ஆண்டுப் பதிவேட்டையும் மேசைமேல் வைத்து எண்ணுங்கள். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தது, அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள்? ஒரு பேச்சுக்கு, 412 பேர் வந்து, 138 பேருக்குக் கூடுதலாக இருந்து, 51 பேர் மட்டுமே திரும்பி வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 37 சதவீதம். மீதி 87 பேர். இந்த எண்ணைப் பார்த்ததும் மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே அது இருக்கட்டும். உலகப் புள்ளிவிவரத்தை எல்லோரும் எழுதலாம்; உங்கள் 87 பேரைப் பற்றி எழுத உங்களால் மட்டுமே முடியும்.

அடுத்து, அந்த 87 பேரில் பதினைந்து பேரையாவது நேரில் பாருங்கள். ஏன் வரவில்லை என்று குற்றம் சாட்டும் தொனியில் கேட்காமல், என்ன தடை என்று கேளுங்கள். முகாம் நடக்கும் நேரத்தில் சிலருக்கு வேலை இருக்கும். 'உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்று சிலர் விட்டிருப்பார்கள். இந்த நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இல்லாததுதான் அதன் ஆபத்து. வாங்கிய மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று நினைத்தவர்கள் இருப்பார்கள். 1978-இல் அல்மா அட்டாவில் (இன்றைய கஜகஸ்தான் நகரம்) நடந்த உலக மாநாட்டில் வெளியான ஆரம்ப சுகாதாரப் பிரகடனம், தங்கள் நலவாழ்வுப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்கிறது. விண்ணப்பப் படிவத்தில் 'சமுதாயப் பங்கேற்பு' என்ற கட்டத்தைப் பார்த்ததும் பலர் அலங்காரச் சொற்களால் நிரப்புகிறார்கள். 'வராதவர்களில் பதினைந்து பேரைச் சந்தித்தோம், ஒன்பது பேர் நேரத்தைத் தடையாகச் சொன்னார்கள், எனவே முகாமை மாலைக்கு மாற்றுகிறோம்' என்று எழுத முடிந்தால் அந்தக் கட்டம் உண்மையாக நிரம்பும்.

இப்போது இலக்கு. அமெரிக்காவின் கெல்லாக் போன்ற அறக்கட்டளைகள் பரவலாக்கிய, திட்டத்தைப் படிப்படியாக விளக்கும் ஒரு சட்டகம் உண்டு: உள்ளீடு, செயல், வெளியீடு, விளைவு, தாக்கம். பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டாம், வெளியீட்டுக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 2,000 பேரைப் பரிசோதித்தது வெளியீடு. அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களில் இத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் 140/90-க்குக் கீழே வந்தது விளைவு. இரண்டாம் அளவீட்டுக்கு வந்தவர்கள், சிகிச்சையில் தொடர்பவர்கள், கட்டுக்குள் வந்தவர்கள் என மூன்றே அளவுகோல்கள் போதும். திரும்பி வருவோர் 37 சதவீதம் என்றால் ஓராண்டில் 65 சதவீதமாக்குவோம் என்று சொல்லுங்கள். நூறு சதவீதம் என்று எழுதினால், களத்தில் நின்றதில்லை என்று நீங்களே சொல்வதாகிவிடும்.

மதிப்பீட்டுக் குழுவில் பெரும்பாலும் ஒரு மருத்துவராவது இருப்பார். உங்கள் பழைய விண்ணப்பத்தில் 'முகாமில் கண்டறியப்பட்ட நோயாளிகள்' என்று இருக்கிறது. ஒரே ஒரு முறை அளந்து நோய் என்று முடிவு செய்ய முடியாது. இரண்டு வெவ்வேறு நாள்களில் அளந்து, இரண்டிலும் கூடுதலாக இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எனவே 'கூடுதல் அளவு காட்டியவர்கள்' என்று எழுதுங்கள். அளக்கும் முறையையும் நான்கு வரியில் சொல்லுங்கள்: ஐந்து நிமிடம் ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், பாதங்கள் தரையில், கை இதயத்தின் மட்டத்தில், பேச்சு கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் உண்மையைவிட அதிகமான அளவைக் காட்டும். பெரிய அளவுப் பட்டை ஒன்று பட்ஜெட்டில் இருந்தாலே, விவரம் தெரிந்தவர்கள் என்று மருத்துவர் புரிந்துகொள்வார்.

தொகைக்கு வருவோம். அறிவிப்பில் உள்ள உச்சவரம்பைப் பார்த்து அதையே கேட்பது பெரும் பிழை. வேலையிலிருந்து தொகைக்கு வாருங்கள். 87 பேரை மாதம் ஒருமுறை வீட்டில் சந்திக்கப் பயணம் உள்பட ஆளுக்கு 40 நிமிடம் என்றால் மாதம் 58 மணி நேரம். வாரத்துக்கு ஏறத்தாழ பதினைந்து மணி நேரம் வேலை செய்யும் பகுதிநேரக் களப்பணியாளர் ஒருவர் தேவை. அவருடைய ஊதியம், போக்குவரத்து, தொலைபேசி, பயிற்சி, கருவிகள், ஆண்டுக்கு ஒருமுறை கருவியைச் சரிபார்க்கும் செலவு என்று தொகை தானாக உருவாகும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கணக்கு வந்த வழியை எழுதுங்கள். தன்னார்வலர்களின் உழைப்பையும் இலவசமாகக் கிடைக்கும் இடத்தையும் உங்கள் பங்களிப்பாகத் தனியே காட்டுங்கள்.

நிர்வாகச் செலவை மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள். கணக்கர், தணிக்கை, வாடகை, மின்சாரம் எதுவும் இல்லாமல் எந்த அமைப்பும் ஓடாது. 2009-இல் தொண்டு அமைப்புகளுக்கு ஆலோசனை தரும் அமெரிக்காவின் பிரிட்ஜ்ஸ்பேன் குழுமத்தைச் சேர்ந்த இருவர் இதை ஒரு பட்டினிச் சுழல் என்று விளக்கினார்கள். நிதி தருபவர் நிர்வாகச் செலவு குறைவாக இருக்கும் என எதிர்பார்க்கிறார். அமைப்புகள் அதைக் குறைத்துக் காட்டுகின்றன. அதைப் பார்த்து எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. கடைசியில் அமைப்பு உள்ளுக்குள் மெலிகிறது. நல்ல வேலை செய்த சிறிய அமைப்புகள் இப்படி மூடப்பட்டதைக் கண்ணால் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அறக்கட்டளை எத்தனை சதவீதம் அனுமதிக்கிறது என்று விதிகளில் பார்த்து, அந்த அளவுக்குத் தயங்காமல் கேளுங்கள். மொத்தத் தொகை உங்கள் இப்போதைய ஆண்டுச் செலவை விடப் பல மடங்கு பெரிதாக இருக்கவேண்டாம். அதே அறக்கட்டளை முன்பு சிறிய அமைப்புகளுக்குத் தந்த தொகைகளின் பட்டியல் கிடைத்தால், அதில் நடுவில் நிற்கும் தொகை நல்ல வழிகாட்டி.

ஆலோசகரின் நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கிடைக்கும் நிதியில் பங்கு கேட்பதை நிதி திரட்டுவோர் சங்கங்களின் நெறிமுறைகளே தடுக்கின்றன. நலப்பணிக்கென்று வாங்கிய பணத்திலிருந்து அதைக் கொடுத்தால் ஒப்பந்த மீறலாகவும் ஆகலாம். மொழியைச் செப்பனிட யாராவது வேண்டுமென்றால், வேலைக்கு இவ்வளவு என்று பேசி உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள்.

இணைப்புகளில் ஒன்றைத் தவிர மற்றவை எளியவை. பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, விண்ணப்பிக்க ஒப்புதல் தரும் நிர்வாகக் குழுத் தீர்மானம் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். கடினமானது மருத்துவமனைக் கடிதம். நீங்கள் அனுப்பும் ஆள்களைப் பார்க்கப்போகும் சுகாதார நிலையம், வாரத்துக்கு எத்தனை பேரை எந்த நாளில் ஏற்கும், மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதை எழுத்தில் தரவேண்டும். முக்கியப் பிரமுகர்களின் மூன்று பாராட்டுக் கடிதங்களை விட இந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம். பதிவேட்டின் நகலையோ, முகம் தெரியும் படங்களையோ சம்மதம் இல்லாமல் இணைக்கவேண்டாம். போன முறை பெயர்ப் பட்டியல் இணைத்திருந்தீர்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனாலும் ஒருவருடைய நோய் விவரம் அவருக்குச் சொந்தமானது. எண்கள் மட்டும் போதும்.

நிதி முடிந்தபின் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் வரும். 'வேறு நன்கொடையாளர்களை நாடுவோம்' என்பதைப் பதிலாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் செலவு ஒருமுறை மட்டும், எது தொடரும், தொடர்வதை யார் ஏற்பார் என்று பிரித்து எழுதுங்கள்.

அறிவிப்பில் தொடர்பு எண் இருந்தால் அழைத்துப் பேசுங்கள், தயங்க வேண்டியதில்லை. 'எங்கள் அமைப்பு தகுதி பெறுமா, களப்பணியாளர் ஊதியத்துக்கு நிதி உண்டா?' என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். 'இல்லை' என்ற பதில் கிடைத்தாலும் மூன்று வார உழைப்பு மிச்சமாகும். முன்பு மறுத்த இருவருக்கும் எழுதி, மதிப்பீட்டுக் குறிப்பைப் பகிர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். சிலர் தருவார்கள்.

கடைசி நாளுக்கு மூன்று வாரத்துக்கும் குறைவாக இருந்தால் இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். பதினைந்து பேரைச் சந்திப்பதையும் சுகாதார நிலையத்தின் கடிதத்தையும் அவசரத்தில் முடிக்க முடியாது. நேரம் இருந்தால், இந்த வாரமே பதிவேட்டை எண்ணுங்கள். எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், பட்ஜெட் தாளைச் சேர்ந்து பார்க்கலாம்.