பிளாங்கெட் முதல் சின்ட்ஸ் வரை: கேள்வி பதில்

கேள்வி: பிரிஸ்டல் நகரத்து நெசவாளர் தாமஸ் பிளாங்கெட் பெயரால்தான் போர்வைக்கு ஆங்கிலத்தில் 'பிளாங்கெட்' என்று பெயர் வந்ததாமே, உண்மையா சார்?

பதில்: இல்லைங்க. அப்படி ஒரு நெசவாளர் 14ஆம் நூற்றாண்டில் இருந்தார்தான். ஆனால் சொல் அவருக்கும் முந்தியது. பழைய பிரெஞ்சில் 'பிளாங்க்' என்றால் வெள்ளை. சாயம் ஏற்றாத கம்பளித் துணியை அப்படி அழைத்தார்கள்.

கேள்வி: மேட்ரஸ்?

பதில்: அரபு. 'மத்ரஹ்' என்றால் எதையாவது கீழே போடும் இடம். இத்தாலி, பிரான்ஸ் வழியாக இங்கிலாந்துக்குப் போனது.

கேள்வி: பஞ்சு வைத்துத் தைத்த 'குவில்ட்', கட்டில் மேல்விரிப்பான 'கவுன்டர்பேன்' இரண்டுக்கும் உறவு உண்டா?

பதில்: ஒரே வேர். லத்தீனில் 'குல்கிதா' என்றால் மெத்தை, அதுதான் குவில்ட். 'குல்கிதா புங்க்தா', அதாவது குத்தித் தைத்த மெத்தை, பிரெஞ்சுக்காரர் வாயில் திரிந்து திரிந்து கவுன்டர்பேன் ஆயிற்று.

கேள்வி: சின்ட்ஸ் நம்ம ஊர்த் துணி என்கிறார்களே ஐயா, கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இந்தியில் 'சீண்ட்', நாம் சீட்டித் துணி என்கிறோமே, அதேதான். ஆங்கிலேயர் பன்மைக்குச் சேர்த்த 'ஸ்' ஒட்டிக்கொண்டு, அதுவே ஒருமையாகிவிட்டது. சோழமண்டலக் கரையில் கையால் தீட்டிய துணி. படிகாரம் தடவிய இடத்தில் சாயவேரின் சிவப்பு பிடிக்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரியில் முக்குவார்கள். துவைத்தாலும் சாயம் போகாது. ஐரோப்பாவை மயக்கியது இந்தக் கைத்திறன்தான். மசூலிப்பட்டினத்திலிருந்து போன கட்டில் விரிப்பை 'பாலம்போர்' என்றார்கள். அது 'பலங்போஷ்', கட்டில் உறை. அதில் தீட்டிய படத்தில், பாறை மேட்டிலிருந்து ஒரு பெரிய மரம் எழுந்து பூத்துக் குலுங்கும்.

தங்கள் நெசவு அழியும் என்று பயந்து பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் சட்டம் போட்டு, உடுத்துவதோடு வீட்டு அலங்காரத்துக்கும் தடுத்தது. லண்டன் நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் திரைகளைச் சுங்கத்தார் 1775இல் பறிமுதல் செய்தார்கள். அந்தக் கட்டில் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: ஆங்கிலத்தில் 'காட்' (cot) என்பது நம் கட்டில்தானே அண்ணா?

பதில்: நேராகப் போகவில்லை தம்பி. இந்தி 'காட்' வழியாகத்தான் போனது. அதற்கு மூலம் வடமொழி 'கட்வா'. அந்த வடமொழிச் சொல்லே திராவிடத்திலிருந்து போனது என்று சொல்லும் அகராதிகள், சான்றாகத் தமிழ்க் 'கட்டி'லைக் காட்டுகின்றன.