பெருவை எந்த ஆண்டில் திருப்பலாம்?

கேள்வி: மாற்று வரலாற்றுத் தொடர்கதை ஒன்று எழுதுகிறேன். ஸ்பெயினின் பழைய காலனி ஒன்று 1930 வாக்கில் செழிப்பான நாடாக இருக்க வேண்டும். எந்த நாட்டை எடுக்கலாம், எங்கே திருப்பினால் வாசகர் நம்புவார்?

பெருவை எடுங்கள். தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவார் கனவு கண்ட பெரிய நாடு உடையாமல் இருந்திருந்தால் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் அதற்கு நூறு விஷயங்களை மாற்ற வேண்டியிருக்கும், மூன்றாவது அத்தியாயத்திலேயே நம்பிக்கை போய்விடும். பெருவில் பணம் உண்மையாகவே கையில் இருந்தது. அது போன வழியை மாற்றினால் போதும்.

அந்தப் பணம் பறவை எச்சத்திலிருந்து வந்தது, குவானோ என்பார்கள். மழையே பெய்யாத கடற்கரைக்கு எதிரே உள்ள சின்ச்சா தீவுகளில் நீர்க்காகங்களின் எச்சம் காலங்காலமாகக் குவிந்து, சில இடங்களில் நூறடிக்கும் மேல் உயர்ந்து நின்றது. 1840 முதல் நாற்பது ஆண்டுகளில் ஒரு கோடி டன்னுக்கும் அதிகமாக வெட்டி ஐரோப்பிய, அமெரிக்க வயல்களுக்கு உரமாக அனுப்பினார்கள். தீவுகள் அரசின் சொத்து, அதனால் வருமானத்தில் பெரும்பங்கு தலைநகர் லிமாவின் கஜானாவுக்கே வந்தது.

நான் திருப்பச் சொல்வது 1850-ஐ. சுதந்திரப் போரில் படைகள் பிடித்துக்கொண்டு போன குதிரை, மாடு, விளைச்சலுக்கெல்லாம் அரசு ஈடு தரும் என்று அந்த வருடம் சட்டம் வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்செனிகே அதிபரான பிறகு போலி ரசீதுகள் குவிந்தன, 50 லட்சம் பெசோவுக்குள் இருந்த உள்நாட்டுக் கடன் 1852-க்குள் 2.3 கோடியைத் தாண்டியது. குவானோ பணம் லிமாவின் சில குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களில் சிலர்தான் பின்னாளில் குவானோ வியாபாரிகளாகி, வரப்போகும் விற்பனையை ஈடாக வைத்து அதே அரசுக்கு வட்டிக்கு முன்பணம் கொடுத்தார்கள். அறுக்காத நெல்லை அடகு வைத்த கதைதான்.

1854-இல் முன்னாள் அதிபர் காஸ்தில்யா, எச்செனிகேவை எதிர்த்துக் கிளம்பியபோது, பழங்குடிகள் மீதான தலைவரியை ஒழித்தார், அடிமை முறையையும் ஒழித்து உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 300 பெசோ கொடுத்தார். இதை மட்டும் தொடாதீர்கள், அந்த வரி போக வேண்டிய வரிதான். உங்கள் கதையில் அதற்குப் பதிலாகக் கடலோரப் பெரும்பண்ணைகள் மீது நிலவரி வரட்டும், அப்போதுதான் குவானோ தீர்ந்த பிறகும் அரசுக்குக் கால் ஊன்ற இடம் இருக்கும். பண்ணையார்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அந்த எதிர்ப்புதான் உங்கள் கதையின் நடுப்பகுதி.

அப்புறம் ரயில். நிஜத்தில் 1869-இல் குவானோ விற்பனைக்கு டிரைஃபஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1870-லும் 1872-லும் பெருங்கடன் வாங்கி, ஆண்டிஸ் மலைமேல் அவசர அவசரமாகப் பாதை போட்டார்கள். 1876-இல் வட்டி கட்ட முடியவில்லை. மலைமேல் உள்ள லா ஒரோயாவுக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1893-இல். அதே பாதையை இருபது வருடம் முன்னதாக, சொந்தப் பணத்தில், மெதுவாகப் போட்டிருந்தால் என்று யோசியுங்கள். இன்னொன்று, சிலி 1870-களில் இங்கிலாந்தில் இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் கட்டியபோது ஈடுகொடுக்க பெருவிடம் காசில்லை. 1879-இல் போர் வந்தது, உரத்துக்கான நைட்ரேட் கிடைத்த தெற்கு மாகாணம் தாராபாகா கைவிட்டுப் போனது. கஜானா நிரம்பியிருந்தால் அந்தப் போரே வராமல் போயிருக்கலாம் என்பது என் கணிப்பு.

ஆனால் தாராபாகாவை வைத்துக்கொண்டாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 1913-இல் ஜெர்மனி உரத்துக்கான அம்மோனியாவைக் காற்றிலிருந்தே தயாரிக்க ஆரம்பித்துவிட்டது, அதன் பிறகு நைட்ரேட்டை நம்பியிருந்த சிலி பட்ட பாடு தெரிந்ததே. ஆகவே 1930-இல் உங்கள் பெரு, ஆண்டிஸ் மலையின் சுரங்க ஊரான செர்ரோ தே பாஸ்கோவின் செம்பில் நிற்கட்டும். நிஜத்தில் அந்தச் சுரங்கங்கள் அமெரிக்க முதலாளிகள் கைக்குப் போயின. உங்கள் கதையில் ரயில் முன்பே வந்துவிடுவதால் உள்ளூர்க்காரர்களிடமே அவை தங்கும்.

ஒரு வேண்டுகோள். 1849-க்குப் பிறகு கால் நூற்றாண்டில் சுமார் ஒரு லட்சம் சீனத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பண்ணைகளில் கரும்பும் பருத்தியும் வளர்ந்தது அவர்கள் உழைப்பில், தீவுகளில் அம்மோனியா நெடியில் மூச்சுத் திணறி மண்வெட்டியோடு நின்றவர்களிலும் அவர்கள் உண்டு. நிறையப் பேர் ஊர் திரும்பவே இல்லை. அவர்களை விட்டுவிட்டுச் செழிப்பைக் காட்டாதீர்கள், அவர்கள் ஒப்பந்தம் எப்போது, யாரால் முடிகிறது என்பதற்குக் கதையில் ஒரு தேதி வேண்டும்.

முதல் காட்சியை 1851-இல், லிமாவின் கருவூல அறை ஒன்றில் வையுங்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய தேதி போட்ட குதிரை ரசீது ஒன்று குமாஸ்தாவின் மேசைக்கு வருகிறது. மை இன்னும் விரலில் ஒட்டுகிறது. அவர் கையெழுத்துப் போட மறுக்கிறார்.