பல் டாக்டருக்குப் படித்த மகளுக்கு ஆர்என்ஏ எதற்கு?

கும்பகோணத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகள் பிடிஎஸ் முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். கிளினிக் வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டேன். அவளோ நான்கோடிங் ஆர்என்ஏ, தாடை எலும்பு ஆராய்ச்சி என்கிறாள். இதெல்லாம் சோறு போடுமா?"

ஐயா, மகள் சொல்வது வெற்றுக் கனவு இல்லை. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடுகிறதென்றால் உள்ளே தாடை எலும்பு கரைகிறது. தொடங்கி வைப்பது கிருமி. கரைப்பதோ நம் உடம்பின் செல்களேதான். அழற்சி நீடித்தால் ஆர்ஏஎன்கேஎல் என்ற புரதம் கூடி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை முடுக்கிவிடும். ஆர்என்ஏ என்பது ஜீனைப் பார்த்துச் செல் எழுதும் நகல், வேதி எழுத்துகளாலான சங்கிலி. தாங்களே புரதமாக மாறாத சில ஆர்என்ஏக்கள் (மகள் சொல்லும் நான்கோடிங் ஆர்என்ஏ இவைதான்), எந்தப் புரதம் எவ்வளவு உருவாகும் என்பதில் கைவைக்கின்றன. மைக்ரோ ஆர்என்ஏ அந்த வகை. நீளம் சுமார் 22 எழுத்துதான். அதில் மிஆர்-146ஏ என்பது அழற்சி ஏற ஏறத் தானும் ஏறி, அந்த அழற்சிக்கே பிரேக் போடும். மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வருமானம்? ஈறு நோய்க்கு இன்றும் பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் ஸ்கேலிங், வேர்வரை சுத்தம் செய்யும் ரூட் பிளேனிங், முற்றினால் ஆபரேஷன்தான். ஆர்என்ஏவை நம்பி யாரும் கிளினிக் நடத்துவதில்லை. அதனால் நேராகப் பிஎச்டிக்குத் தாவ வேண்டாம். பல் மருத்துவ மேற்படிப்பான எம்டிஎஸ்ஸுக்கு நீட் எம்டிஎஸ் தேர்வு எழுதி, ஈறு நோய்ப் பிரிவான பெரியோடான்டிக்ஸ் எடுக்கட்டும். 3 வருடம், தீசிஸ் கட்டாயம், அங்கே இந்தத் தலைப்பைத் தொடலாம். பல் சீரமைப்பு (ஆர்த்தோ), வேர் சிகிச்சை (எண்டோ) அளவுக்குப் பெரியோ சீட்டுக்கு அடிதடி இருக்காது. தனியார் கல்லூரி மேனேஜ்மென்ட் சீட்டுக்காக நிலத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். அதற்குப் பதில் இன்னொரு முறை பரீட்சை எழுதலாம்.

இந்த ஆராய்ச்சிக்குப் பல் டாக்டர் எதற்கு என்கிறீர்களா? பயோடெக் படித்தவரிடம் ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆர் மெஷின் இருக்கும், நோயாளி இருக்கமாட்டார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய பேப்பர் ஸ்ட்ரிப்பைச் செருகி, ரத்தம் படாமல் அங்கே ஊறும் நீரை எடுப்பது பல் டாக்டரின் கைவேலை. சர்க்கரை நோய், வெற்றிலையோடு போடும் புகையிலை இரண்டும் ஈறு நோயை முற்ற வைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு டெல்டாவில் பஞ்சமில்லை. லேபுக்கும் தூரம் போக வேண்டாம்: தஞ்சாவூரில் சாஸ்த்ரா, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. கல்லூரி வழியாக முறைப்படி கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. விண்ணப்பிக்கும் முன் ஏதாவது ஒரு லேபில் சில நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆர்என்ஏ சட்டென்று சிதைந்துவிடும். ஐஸில் வைத்து, கிளவுஸ் மாற்றி மாற்றி, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக அளந்து எடுக்கும் பைப்பெட்டோடு மல்லாட வேண்டும். நோயாளியோடு பேசிப் பழகிய பலருக்கு அது மூன்றாம் நாளே சலித்துவிடும். சலிக்கவில்லை என்றால் எம்டிஎஸ்ஸுக்குப் பிறகு பிஎச்டி பற்றிப் பேசுவோம்.